இஸ்மே டாப்வெல் போட்ட ஓட்டு

ட்ரினிடாடுக்கு வடக்கே உள்ள ஒரு சிறு தீவில், பாரலி என்ற கடலோர ஊரில், பல வீடுகளின் முன்னறையில் லண்டன் ராணியின் படம் மாட்டியிருக்கும். ஒரு பக்கம் இயேசு, இன்னொரு பக்கம் ராணி, நடுவில் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படங்கள். இஸ்மே டாப்வெல் வீட்டுச் சுவரில் மட்டும் அந்தப் படம் ஒருநாளும் ஏறியதில்லை. அவளுடைய தாய் எல்மினா ஏற விடவில்லை. எல்மினா தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, மணியடித்து, உடல் நடுங்க ஜெபிக்கிற சபையைச் சேர்ந்தவள். அந்தக் காலத்தில் தீவின் சட்டப்படி அப்படி ஜெபிப்பதே குற்றம். மலைச்சரிவில் ஒரு குடிசைக்குள் பாடிக்கொண்டிருந்த பன்னிரண்டு பேரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. எல்மினாவுக்குப் பதினான்கு நாள் சிறை. தண்டனைத் தாளின் உச்சியில் அப்போதைய மன்னர், இந்த ராணியின் தந்தை பெயர் இருந்ததாம். இஸ்மே அப்போது அவள் வயிற்றில் ஐந்து மாதம்.

"நீயும் என்கூட உள்ள இருந்தவதான்" என்று எல்மினா சொல்வாள். சொல்லும்போது சிரிக்கமாட்டாள்.

ராணி தீவுக்கு வந்தபோது இஸ்மேக்கு இருபது வயது. தாய்க்குத் தெரியாமல், பக்கத்து வீட்டு வெர்லினுடன் லாரியில் தொற்றிக்கொண்டு தலைநகர் கிங்ஸ்டவுன் போனாள். நாலு மணி நேரம் வெயிலில் நின்றார்கள். கார் ஒன்று போனது. அதற்குள் ஒரு வெள்ளைக் கையுறை அசைவது தெரிந்தது.

"இவ்வளவு தூரம் வந்தது ஒரு கையப் பார்க்கவா?" என்றாள் வெர்லின். திரும்பி வரும் வழியெல்லாம் இருவரும் அந்தக் கையைப் போலவே ஆட்டி ஆட்டிச் சிரித்தார்கள்.

இருவரும் ஒரே தொழிலுக்கு வந்தார்கள். பாரலிக் கடலில் ஆண்கள் சிறு கருந்திமிங்கிலம் பிடிப்பார்கள். கரைக்கு வந்ததும் பெண்கள் இறைச்சியை நீளநீளமாக அறுத்து மூங்கில் பந்தலில் காயப்போட்டு, கொழுப்பைக் கொப்பரையில் உருக்கி எண்ணெய் எடுப்பார்கள். இஸ்மேயும் வெர்லினும் அடுத்தடுத்த பந்தலில் நின்றார்கள். இஸ்மேயின் கணவன் ஈட்டி எறிபவன். ஐம்பது வயதுக்குள் மாரடைப்பில் போய்விட்டான். அவளுக்கு மார்வா என்று ஒரு மகள், லெனக்ஸ் என்று ஒரு மகன். வெர்லினுக்கு எல்ரெட் ஒருவன்தான். லெனக்ஸுக்கும் எல்ரெட்டுக்கும் இரண்டு வயது வித்தியாசம். ஒரே படகில் வேலைக்குப் போனார்கள்.

தொண்ணூற்று ஐந்தாம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஞாயிற்றுக்கிழமை மதியம், கடற்கரை ரம் கடையில் நாலு பேர் டோமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். படகு எஞ்சின் யார் பொறுப்பில் இருப்பது என்று லெனக்ஸுக்கும் எல்ரெட்டுக்கும் வாக்குவாதம் வந்தது. மற்ற இருவரும் எழுந்து போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எல்ரெட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தான். கிங்ஸ்டவுன் ஆஸ்பத்திரிக்கு வேனில் கொண்டுபோகும் வழியில் உயிர் போய்விட்டது.

கத்தியை முதலில் எடுத்தவன் எல்ரெட்தான் என்றும், தான் அதைப் பிடுங்கப் போனபோது நடந்துவிட்டது என்றும் லெனக்ஸ் போலீசில் சொன்னான். கோர்ட்டிலும் அதையே சொன்னான். எல்ரெட் செத்ததற்கு மறுநாள் காலை இஸ்மே தன் பந்தலில் இறைச்சி அறுக்கும் கத்திகளை எடுத்தாள். எப்போதும் நான்கு இருக்கும். அன்று மூன்றுதான் இருந்தன. யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

பன்னிரண்டு ஜூரிகளும் லெனக்ஸ் சொன்னதை நம்பவில்லை. கொலைக்கு அப்போது ஒரே தண்டனை, தூக்கு. எல்ரெட் செத்த அந்த வருஷம் பிப்ரவரியில்தான் தீவில் மூவரைத் தூக்கிலிட்டிருந்தார்கள், அதனால் அந்தச் சொல் யாருக்கும் ஏட்டுச் சொல்லாக இல்லை. மேல்முறையீடு ஒன்று தோற்றது. மிஞ்சியிருந்தது லண்டன். ராணியின் பெயரில் அங்கே அமர்ந்திருக்கும் நீதிபதிகள்தான் இந்தத் தீவுக்குக் கடைசிப் படி. தீவை ஒருநாளும் பார்த்திராத வழக்கறிஞர்கள் இரண்டு பேர் கட்டணம் வாங்காமல் வழக்கை எடுத்துக்கொண்டார்கள். தொண்ணூற்று எட்டில் தீர்ப்பு வந்தது. இறந்தவன் முதலில் கத்தி எடுத்திருக்கலாம் என்பதை ஜூரிகளுக்குச் சரியாக எடுத்துச் சொல்லவில்லை, ஆகவே இது கொலை ஆகாது, ஆத்திரத்தில் நேர்ந்த சாவு என்று ஐந்து நீதிபதிகள் எழுதினார்கள். தூக்கு போய் இருபத்தைந்து வருஷச் சிறை ஆயிற்று.

இஸ்மே முழங்காலிட்டு அழுதாள். அதே வாரம் செய்தித்தாளில் அது இரண்டு வரியாகச் சுருங்கி வந்தது: எல்ரெட் கியூபிட்தான் முதலில் கத்தியை எடுத்தான் என்று. வெர்லின் அதைப் படித்தாள். அன்றோடு அவள் மேட்டுத் தெருவுக்கு வீடு மாற்றிக்கொண்டாள். பந்தலையும் கடற்கரையின் அந்தக் கோடிக்கு மாற்றிக்கொண்டாள். சாவுக்குப் பிறகே இருவருக்கும் பேச்சில்லை. அப்படியே பதினான்கு வருஷம் ஓடிற்று.

இரண்டாயிரத்து ஒன்பதில் அந்த வாக்கெடுப்பு வந்தது. சுதந்திரம் வந்த பிறகும் சட்டப்படி தலைவராக இருக்கும் ராணி இனி வேண்டாம், நம் ஆள் ஒருவரே தலைவராக இருக்கட்டும். கடைசி மேல்முறையீடும் லண்டன் போக வேண்டாம், ட்ரினிடாடில் நம் தீவுகள் சேர்ந்து வைத்திருக்கும் கோர்ட்டுக்குப் போகட்டும். இரண்டும் ஒரே சட்டத்தில், ஒரே கேள்வியாக. ஆம் அல்லது இல்லை. மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஆம் என்றால்தான் செல்லும்.

மகள் மார்வா ஊர்ப் பள்ளியில் ஆசிரியை. ஆம் பக்கத்துக்காக வீடுவீடாகப் போனாள். கடைசியில்தான் தாய் வீட்டுக்கு வந்தாள். வறுத்த ஜாக்ஃபிஷ்ஷும் சுட்ட சீமைப்பலாவும் தட்டில் இருந்தன. மார்வா சாப்பிடாமல் பேசினாள். கரும்புத் தோட்டத்தில் நம் ஆட்களை அடிமைகளாக வைத்து அடித்தவர்களின் கொடி அது என்றாள். பிறகு பாட்டியின் சிறையைச் சொன்னாள்.

"உங்கம்மாவ உள்ள போட்டது அந்தக் கிரீடம்தானேம்மா?"

"உன் தம்பியக் கயித்துலேர்ந்து இறக்குனதும் அதான்."

"அந்த ராணிக்கு லெனக்ஸ் யாருன்னே தெரியாதும்மா."

"தெரியாததாலதான் காப்பாத்துனாங்க" என்றாள் இஸ்மே. "தெரிஞ்சவங்க பன்னெண்டு பேரும் தூக்குல போடச் சொன்னாங்க."

மார்வா தட்டைத் தன் பக்கம் இழுத்து மெல்லச் சாப்பிட ஆரம்பித்தாள். அதற்கு மேல் அன்று அந்தப் பேச்சு இல்லை.

இல்லை பக்கத்துக்காக வந்தவன் ஹாட்லி நான்டன். பாரலிக்காரன்தான், பேச்சில் கெட்டிக்காரன். சனிக்கிழமை லாரி மேடையில் இஸ்மே ஏறி இரண்டு வார்த்தை பேசினால் போதும் என்றான். ஒரு தாயே சொன்னால் ஊர் கேட்கும் என்றான். இஸ்மே மறுத்துவிட்டாள்.

"ஏன்க்கா? பொய்யா சொல்லப் போறீங்க? நடந்தத சொல்லுங்க."

"மேட்டுல வெர்லின் வீடு இருக்கு. மைக்குல நான் பேசுனா அவ அடுப்படி வரைக்கும் கேட்கும்."

ஹாட்லி தலையாட்டிவிட்டுப் போனான். ஆனால் இரண்டு நாள் கழித்து ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்று ஊரைச் சுற்றியது. அவனுடைய குரல்தான். நம் ஊர் இஸ்மே டாப்வெல்லைக் கேளுங்கள், கத்தியோடு வந்தவனிடமிருந்து தன்னைக் காத்துக்கொண்ட பையனைத் தூக்குமேடையிலிருந்து இறக்கியது யார், லண்டன் அல்லவா என்று கேட்டது அந்தக் குரல். கடற்கரையில் இருந்த பெண்கள் இஸ்மேயைப் பார்த்தார்கள். வேன் மெல்ல மேட்டுத் தெருவில் ஏறியது. அங்கேயும் நின்று அதையே சொன்னது.

இஸ்மே கையைக் கழுவிவிட்டு மேட்டில் ஏறினாள். வெர்லின் அங்கே குடிபோனதிலிருந்து அந்தத் தெருவுக்கு அவள் போனதே இல்லை. வெர்லின் வாசற்படியில் உட்கார்ந்து பயறு உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

"அந்த வண்டியில சொன்னது என் வார்த்தை இல்ல, வெர்லின்."

"தெரியும். உன் பையன் வார்த்தை."

இஸ்மே நின்றுகொண்டே இருந்தாள். வெர்லின் உரித்த பயறைச் சட்டியில் போட்டுவிட்டு, ஆத்திரமில்லாமல் பேசினாள். ஆத்திரம் இருந்த காலம் போய்விட்டது என்றாள். லெனக்ஸைத் தூக்கில் போட வேண்டும் என்று மூன்று வருஷம் தினமும் வேண்டிக்கொண்டாளாம். பிறகு ஒருநாள் அந்த வேண்டுதல் வாயில் வரவில்லையாம். மன்னித்ததால் இல்லை, அலுத்துப்போனதால்.

"அவன் உயிரோட இருக்கறது எனக்குப் பொறுத்துப்போச்சு. ஆனா அந்தத் தீர்ப்புத் தாளு பொறுக்கல. அஞ்சு பேரு. எல்ரெட்டு இடது கைக்காரன்னு தெரியுமா அவங்களுக்கு? கோபம் வந்தா எந்திரிச்சு வீட்டுக்கு வந்து படுத்துக்குவான்னு தெரியுமா? என் பிள்ள கத்தி எடுத்தான்னு ஆச்சு. அத நான் எங்க போய் அழிக்கிறது?"

"அவங்களுக்குச் சொன்னத வெச்சு எழுதுனாங்க" என்றாள் இஸ்மே.

"அதான் நான் ஆம் போடப் போறேன். ராணி மேல எனக்கு என்ன கோபம்? என் பிள்ளையப் பத்தி எழுதறவன் நான் போய்க் கதவத் தட்டுற தூரத்துல இருக்கணும். அவ்வளவுதான்."

"புதுக் கோர்ட்டு ட்ரினிடாட்ல இருக்கு."

"ட்ரினிடாட்டுக்குப் படகு இருக்கு" என்றாள் வெர்லின்.

இஸ்மே திரும்பி இறங்கப் போனபோது வெர்லின் கூப்பிட்டாள். லெனக்ஸிடம் ஒரு தடவையாவது நேராகக் கேட்டிருக்கிறாயா என்றாள். இல்லை என்று இஸ்மே சொன்னாள். வெர்லின் மறுபடி பயறை எடுத்தாள். கேட்டுக்கொண்டு வா, என்ன சொன்னாலும் அப்படியே வந்து சொல் என்றாள்.

சனிக்கிழமை சிறைக்குப் போகும் நாள். கிங்ஸ்டவுன் வேனில் இஸ்மே ஜன்னலோரம் உட்கார்ந்து போனாள். அங்கேயும் பலகையில் ராணியின் சிறை என்றுதான் எழுதியிருந்தது. லெனக்ஸுக்கு முப்பத்தெட்டு வயது. சிறை அடுமனையில் ரொட்டி சுடுகிற வேலை. முன்பற்கள் இரண்டு போயிருந்தன. அவன் வந்து உட்கார்ந்ததும் வாக்கெடுப்பைப் பற்றித்தான் ஆரம்பித்தான். உள்ளே இருக்கிறவர்கள் எல்லாம் இல்லை பக்கம், ஆனால் எங்களை யார் ஓட்டுப் போட விடுகிறார்கள் என்று சிரித்தான். இஸ்மே அவனைச் சிரித்து முடிக்க விட்டாள்.

"லெனக்ஸ், அந்தக் கத்தி யாரோடது?"

அவன் காவலரைத் திரும்பிப் பார்த்தான். காவலர் தூரத்தில் இருந்தார்.

"யாரு கேட்கச் சொன்னா?"

"வெர்லின். நானும்தான் கேட்கறேன். நம்ம பந்தல்ல ஒண்ணு குறைஞ்சுச்சு."

லெனக்ஸ் நாற்காலியை மேசைக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டான். அம்மாவுக்கு இது தெரிந்தே இருந்திருக்கிறது என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது போலிருந்தது.

"என்னோடதும்மா. நான்தான் எடுத்துட்டுப் போனேன். அவன் கையில டோமினோ கட்டைதான் இருந்துச்சு. எந்திரிச்சு வீட்டுக்குப் போறேன்னான். அதுக்குத்தான் எனக்குக் கோபம் வந்துச்சு."

பிடித்த அன்று போலீஸ் கேட்டபோது அந்தப் பொய் தானாக வாயில் வந்துவிட்டது, அதற்குப் பிறகு அதை விட்டால் கயிறு என்று ஆகிவிட்டது என்றான். இப்போது வெளியில் சொன்னால் என்ன ஆகும் என்று இஸ்மே கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை.

"பயமாத்தான் இருக்கு. ஆனா சொல்லுங்க. நான் சொன்னேன்னே சொல்லுங்க."

அன்றும் ஞாயிறும் அவள் மேட்டுக்குப் போகவில்லை. திங்களும் செவ்வாயும் போகவில்லை. போக வேண்டும் என்று துண்டை எடுத்துத் தலையில் கட்டுவாள், பிறகு அவிழ்த்துவிடுவாள். மகன் உயிர் ஒரு பொய்யின் மேல் நிற்கிறது. அதை உருவினால் அவன் விழுவானோ என்ற பயம் ஒரு பக்கம். தன் மூன்று கத்திகளோடு பதினான்கு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த வெட்கம் ஒரு பக்கம். வெட்கம்தான் கனமாக இருந்தது.

புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. காலை எட்டு மணிக்கே வரிசை வேலியைத் தாண்டி மீன்சந்தை வரை நின்றது. இஸ்மே வந்தபோது வெர்லின் பத்துப் பதினைந்து பேருக்கு முன்னால் இருந்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம் ஹாட்லி நின்றுகொண்டிருந்தான். ஆம் பக்கத்து ஆட்களோடு மார்வாவும் நின்றாள். இஸ்மே வரிசையில் தன் இடத்தில் நிற்காமல் நேராக முன்னால் போனாள். முந்தப் பார்க்கிறாள் என்று நினைத்து ஒரு கிழவர் முணுமுணுத்தார்.

இஸ்மே வெர்லின் பக்கத்தில் போய் நின்று, வரிசையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"எல்ரெட் கத்தி எடுக்கல" என்றாள். "கத்தி என் வீட்டோடது. என் மகன்தான் எடுத்துட்டுப் போனான். சனிக்கிழமை அவன் வாயாலயே என்கிட்ட சொன்னான்."

வாசலில் இருந்த போலீஸ்காரர் இரண்டடி முன்னால் வந்தார். சாவடிக்குப் பக்கத்தில் பிரசாரம் கூடாது. ஆனால் இது எந்தப் பக்கத்துக்குப் பிரசாரம் என்று அவருக்குப் பிடிபடவில்லை, அப்படியே நின்றுவிட்டார். ஹாட்லி தெருவைக் கடந்து வந்தான்.

"இஸ்மே அக்கா, இன்னிக்கா இதெல்லாம்?"

"நீ ஊர் பூரா மைக்குல சொன்ன. எனக்கு மைக்கு இல்ல, ஹாட்லி. ஊர் கூடுற இடத்துலதான் சொல்லணும்."

வெர்லின் அழவில்லை. அவள் முகம் ஒரு மாதிரி இறுகிப்போயிருந்தது. இஸ்மேயைப் பார்க்காமல், முன்னால் நின்றவர் முதுகைப் பார்த்தபடி சொன்னாள்:

"இன்னொரு தடவ சொல்லு. பின்னால நிக்கிறவங்களுக்குக் கேட்டிருக்காது."

இஸ்மே மறுபடி சொன்னாள். இந்தத் தடவை உரக்க, அவன் முழுப் பெயரையும் சேர்த்து, எல்ரெட் ஜோசஃபஸ் கியூபிட் என்று. பந்தல் வேலை செய்யும் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். முணுமுணுத்த கிழவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு இஸ்மே வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டாள். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தாள். பக்கத்தில் நின்றவர்கள் அவளிடம் பேசவில்லை. தண்ணீர் மட்டும் ஒருத்தி கொடுத்தாள்.

மறைவில் தாளை விரித்தபோது அவளுக்குத் தாயின் ஞாபகம் வந்தது. ஆம் போட எல்மினா ஓடியே வந்திருப்பாள். வெர்லின் கேட்டதும் நியாயம், மார்வா சொன்னதும் நியாயம். லண்டன் பொய்யை நம்பித்தான் லெனக்ஸை விட்டது. ஆனால் உண்மை தெரிந்திருந்தால் அவனைக் கயிற்றில் போட்டிருப்பார்கள், அந்தக் கயிறு இன்னும் சட்டத்தில் இருக்கிறது. நாளைக்கு இன்னொருத்தி மகன் போவான், அவன் குற்றவாளியாகவே இருந்தாலும் அவளும் ஒரு தாய்தான். அந்தக் கடைசிப் படியைத் தன் கையால் எடுத்துப் போட அவளுக்கு மனம் வரவில்லை. இல்லை என்ற இடத்தில் குறி போட்டாள்.

வெளியே வெர்லின் வேலியோரம் நின்றிருந்தாள்.

"நீ என்ன போட்டிருப்பன்னு தெரியும்" என்றாள்.

"ஆமா."

"உன் இடத்துல நான் இருந்தா எப்படியோ, தெரியல" என்று சொல்லிவிட்டு வெர்லின் மேட்டைப் பார்த்து நடந்தாள்.

மறுநாள் காலை தெருவில் பாத்திரம் தட்டிக்கொண்டு ஊர்வலம் போனது. ஆம் பக்கத்துக்குப் பாதிகூடக் கிடைக்கவில்லை. ஹாட்லி லாரி மேல் நின்று கையசைத்தான். இஸ்மே வீட்டுப் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. மார்வா பள்ளிக்குப் போகாமல் தாயின் அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். தன் ஆயுசில் இன்னொரு தடவை இது வராது என்று கண் கலங்கினாள்.

"வரும்" என்றாள் இஸ்மே. "அடுத்த தடவ கேட்க வர்றவங்ககிட்ட சொல்லு, முதல்ல கயித்த எடுக்கச் சொல்லி. அப்புறம் கிரீடத்த எடுக்கட்டும். நானே முதல் ஆளா வந்து ஆம் போடறேன்."

அதன்பிறகு இஸ்மே மகளை ஒரு கடிதம் எழுத வைத்தாள். லண்டனுக்கு. லெனக்ஸ் சொன்னதை அவன் கையெழுத்தோடு இணைத்து, அந்தத் தீர்ப்பில் எல்ரெட்டைப் பற்றிய வரியை மாற்றும்படி கேட்டார்கள். நாலு மாதம் கழித்து மரியாதையான பதில் வந்தது. தீர்ப்பு தீர்ப்புதான், அதைத் திருத்த வழியில்லை. ஆனால் இந்தக் கடிதம் அந்த வழக்குக் கட்டோடு சேர்த்து வைக்கப்படும். லெனக்ஸுக்கு அதனால் கெடுதல் எதுவும் வரவில்லை. இஸ்மே பதிலை மேட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வெர்லின் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தாள்.

"சேர்த்து வைப்பாங்களாமா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"யாராச்சும் அந்தக் கட்டத் திறந்தா கண்ணுல படும்" என்றாள் வெர்லின். கடிதத்தைத் தானே வைத்துக்கொண்டாள்.

அடுத்த திமிங்கிலப் பருவத்தில் வெர்லின் தன் மூங்கில்களைப் பிடுங்கிக்கொண்டு வந்து பழைய இடத்தில் நட்டாள். வேலை நேரத்தில் உப்பு இருக்கிறதா, மழை வருமா என்று பேசிக்கொண்டார்கள். அதைத் தாண்டிப் போக இருவருக்கும் இன்னும் சில வருஷம் ஆனது.

நன்னடத்தைக்குக் கழித்தது போக, லெனக்ஸ் இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் வெளியே வந்தான். வந்த அன்று மதியமே மேட்டில் ஏறி வெர்லின் வாசலில் நின்றான். அவள் கதவைத் திறந்தாள். அவன் சொன்னதையெல்லாம் கேட்டாள். அவன் முடித்ததும், கேட்டுக்கொண்டேன், இனி இந்தத் தெருவுக்கு வராதே என்றாள். அவன் சரி என்று இறங்கி வந்தான். இஸ்மே அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வெர்லின் இடத்தில் தான் இருந்திருந்தால் கதவையே திறந்திருக்கமாட்டாள் என்றாள். மகனுக்குச் சோறு போட்டாள். வெள்ளிக்கிழமை பக்கத்துப் பெக்வேத் தீவுக்குப் போகும் படகில் அவனை ஏற்றிவிட்டாள். அங்கே ஒரு ரொட்டிக்கடையில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தாள்.